புரோஸ்டேட் புற்றுநோய்ச் செல்: எந்த மேற்பரப்புப் புரதத்தை ஆராய எடுப்பது?

புரோஸ்டேட் புற்றுநோய்ச் செல்களின் சமிக்ஞைப் பாதைகளில் ஆய்வு தொடங்கும் மாணவர்கள் பெரும்பாலும் புரதத்தைத்தான் முதலில் முடிவு செய்கிறார்கள். எதைப் பற்றி இப்போது அதிகம் பேசுகிறார்கள், எதற்கு மருந்து வந்திருக்கிறது என்று பார்த்து ஒரு பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள். எந்தச் செல்லில் வேலை செய்வது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். கடைசியில் ஆய்வகத்தின் திரவ நைட்ரஜன் தொட்டியில் எந்த செல் லைன் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல் வகை) இருக்கிறதோ அதுவே ஆய்வுக்கும் வந்து சேர்கிறது. பல ஆய்வுகள் பாதியில் குழம்பி நிற்பதற்கு இந்த வரிசையே காரணம் என்று உறுதியாக நினைக்கிறேன். புரதத்தையும் செல்லையும் ஜோடியாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கே நான்கு தேர்வுகளை எடைபோட்டுப் பார்க்கிறேன்: பிஎஸ்எம்ஏ (ஸ்கேனிலும் கதிரியக்க மருந்திலும் இலக்காகும் புரதம்), இஜிஎஃப்ஆர்-ஹெர் குடும்பம் (வளர்ச்சி ஏற்பிகள்), இன்டெக்ரின்கள் (செல்லைச் சுற்றுப்புறத்தோடு பிணைப்பவை), சிடி82 (பரவலை அடக்கும் புரதம்). நான்குமே செல்லின் வெளிச்சவ்வில் இருப்பவை, நான்குமே புரோஸ்டேட் புற்றுநோயோடு தொடர்புள்ளவை. ஒரு மருந்தை ஒட்டவைக்க எது நல்ல இலக்கு என்பது வேறு விவாதம். செல்லுக்குள் போகும் சமிக்ஞையை இந்தப் புரதம் மாற்றுகிறதா, மாற்றினால் அதைச் சந்தேகமில்லாமல் காட்ட முடியுமா என்பதுதான் இங்கே என் அளவுகோல்.

முதலில் செல்கள்

எல்என்கேப் செல்கள் 1977-ல் ஒரு நோயாளியின் நிணநீர்க் கணுவுக்குப் பரவிய கட்டியிலிருந்து எடுக்கப்பட்டவை. ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) ஏற்பி உண்டு, ஆனால் அதில் ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தால் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஏன், தடுப்பு மருந்தாகக் கொடுக்கப்படும் ஃப்ளூட்டமைடின் செயல்வடிவம்கூட அந்த ஏற்பியைத் தூண்டிவிடும். பிசி-3 எலும்புக்குப் பரவிய கட்டியிலிருந்தும், டியூ145 மூளைக்குப் பரவிய கட்டியிலிருந்தும் வந்தவை. இவை இரண்டிலும் செயல்படும் ஆண்ட்ரோஜன் ஏற்பி இல்லை. 22ஆர்வி1 செல்லில் முழு ஏற்பியும் உண்டு, ஹார்மோன் பிடிக்கும் பகுதியே இல்லாமல் தானாக இயங்கும் ஏஆர்-வி7 என்ற குறுவடிவமும் உண்டு.

22ஆர்வி1 பற்றி ஓர் எச்சரிக்கை. அது எக்ஸ்எம்ஆர்வி என்ற ரெட்ரோவைரஸைத் தொடர்ந்து வெளியேற்றுகிறது. 2006-ல் மனிதப் புரோஸ்டேட் கட்டிகளில் கண்டதாக அறிவிக்கப்பட்ட இந்த வைரஸ், உண்மையில் 22ஆர்வி1 செல்லின் மூலக் கட்டியை எலிகளில் மாற்றி மாற்றி வளர்த்தபோது எலியின் இரண்டு வைரஸ் துண்டுகள் இணைந்து உருவானது என்று 2011-ல் தெரியவந்தது. ஒரே அறையில் வளரும் மற்ற செல்களுக்கு அது தொற்றிக்கொள்ளலாம். ஆகவே இந்தச் செல்லை எடுப்பவர்கள் அதற்கென்று தனி ஊடகப் பாட்டில், தனி நேரம் வைத்துக்கொள்வது நல்லது.

நம் முடிவை ஆண்ட்ரோஜன் ஏற்பியைவிட அதிகமாகத் தீர்மானிப்பது பிடென் என்ற புரதம். வளர்ச்சி ஏற்பிகள் தூண்டப்படும்போது பிஐ3கே என்ற நொதி சவ்வில் பிஐபி3 என்ற கொழுப்பை உண்டாக்கும். அதில் ஏகேடி என்ற கைனேஸ் (மற்ற புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் நொதி) வந்து அமர்ந்து பாஸ்பேட் ஏறிச் செயல்படத் தொடங்கும். அந்த பிஐபி3-ஐத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பிடென். எல்என்கேப்பிலும் பிசி-3-இலும் பிடென் இல்லை. ராத்திரி முழுக்க சீரம் இல்லாமல் பட்டினி போட்டாலும் இந்தச் செல்களில் ஏகேடியின் 473-ஆவது செரினில் பாஸ்பேட் பளிச்சென்று தெரியும். இந்த நிலையில் ஒரு மேற்பரப்புப் புரதம் பிஐ3கே பாதையை எவ்வளவு தள்ளுகிறது என்று அளப்பது, பட்டப்பகலில் டார்ச் அடித்து அதன் வெளிச்சத்தை அளப்பது போலத்தான். டியூ145-இலும் 22ஆர்வி1-இலும் பிடென் இருக்கிறது. அங்கே அடிநிலை தாழ்வாக இருப்பதால் சின்ன ஏற்றமும் கண்ணுக்குப் படும்.

அப்படியென்றால் பிடென் உள்ள செல்லை மட்டும் எடுத்தால் போதுமா? போதாது. பரவி, ஹார்மோன் சிகிச்சைக்கும் அடங்காமல் போன கட்டிகளில் சுமார் 40 சதவீதத்தில் பிடென் இழக்கப்பட்டிருக்கிறது. அந்த நோயாளிகளின் செல்லில் என்ன நடக்கிறது என்பதும் தெரிய வேண்டும். இரண்டு பின்னணியிலும் ஒரே சோதனையைச் செய்வதுதான் சரி.

இஜிஎஃப்ஆர், ஹெர்2, ஹெர்3: சுலபமான வழி, கூட்டமான வழி

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதைவிட எளிதான தேர்வு கிடையாது. பட்டினி போட்ட டியூ145 செல்லில் இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைச் சேர்த்து ஐந்து, பத்து நிமிடத்தில் செல்லை உடைத்தால், வளர்ச்சிச் சமிக்ஞையைக் கடத்தும் இஆர்கே புரதத்தில் பாஸ்பேட் ஏறியிருப்பது வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைப் பிரித்து ஆன்டிபாடியால் காணும் சோதனை) தெளிவாகத் தெரியும். தடுப்பான்கள் பல. ஆன்டிபாடிகள் நம்பகமானவை. முதல் சில வாரங்களிலேயே கையில் ஒரு படம் இருக்கும், அது புதிதாக வருபவருக்குப் பெரிய தெம்பு.

ஆனால் மருத்துவமனையில் நடந்தது வேறு. நுரையீரல் புற்றுநோயில் இஜிஎஃப்ஆர் தடுப்பானான கெஃபிட்டினிப் வேலை செய்வதற்குக் காரணமான இஜிஎஃப்ஆர் மரபணு மாற்றங்கள் புரோஸ்டேட்டில் அரிது. மார்பகப் புற்றுநோயில் காணும் ஹெர்2 மரபணுப் பெருக்கமும் இங்கே அரிது. கெஃபிட்டினிப், ஹெர்2-ஐத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் இரண்டையும் புரோஸ்டேட் நோயாளிகளில் சோதித்தார்கள், குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை.

இதை வைத்து இந்தக் குடும்பத்தை ஒதுக்கிவிடக் கூடாது. ஆண்ட்ரோஜன் குறைந்த நிலையில் ஹெர்2 சமிக்ஞை ஆண்ட்ரோஜன் ஏற்பியைத் தாங்கிப் பிடிக்கிறது என்பது 1999-லிருந்தே தெரிந்த விஷயம். 2011-ல் இன்னும் ஆழமான ஒன்று வெளிவந்தது. பிடென் இல்லாத செல்லில் பிஐ3கே பாதையைத் தடுத்தால், ஹெர் ஏற்பிகளின் மேலிருந்த அழுத்தம் நீங்கி, ஆண்ட்ரோஜன் ஏற்பியின் வேலை கூடுகிறது. மாறாக ஆண்ட்ரோஜன் ஏற்பியைத் தடுத்தால், ஏகேடியிலிருந்து பாஸ்பேட்டை எடுக்கும் பிஎச்எல்பிபி என்ற நொதி குறைந்து, ஏகேடி மேலே போகிறது. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் திறந்துகொள்கிறது, ஏகேடி தடுப்பானையும் ஹார்மோன் தடுப்பு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் பெரிய சோதனைகளுக்கு அடிப்படை இதுதான்.

ஆகவே இந்தக் குடும்பத்தை எடுப்பவர் 'இஜிஎஃப் சேர்த்தேன், இஆர்கே ஏறியது' என்பதோடு நின்றால் புதிதாக ஒன்றும் சொன்னதாகாது. ஹெர்3 எப்படித் திரும்பி எழுகிறது என்பதில்தான் இன்னும் இடம் இருக்கிறது. ஹெர்3-இன் கைனேஸ் பகுதி மிகப் பலவீனமானது, துணை இல்லாமல் அதனால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஆனால் ஹெர்2-ஓடு ஜோடி சேர்ந்ததும் பிஐ3கே நேரடியாக வந்து ஒட்ட ஆறு இடங்களைக் கொடுக்கிறது.

பிஎஸ்எம்ஏ: நான் எடுக்கச் சொல்வது

பிஎஸ்எம்ஏ என்றதும் எல்லோரும் ஸ்கேனையும் கதிரியக்க மருந்தையும்தான் நினைக்கிறார்கள். அதில் தப்பில்லை. லுட்டீசியம்-177 ஏற்றிய பிஎஸ்எம்ஏ-617 மருந்தை 831 நோயாளிகளில் சோதித்த விஷன் ஆய்வில் இடைநிலை ஆயுள் 11.3 மாதத்திலிருந்து 15.3 மாதமாகக் கூடியது, 2022 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. இந்த வெற்றியால் பிஎஸ்எம்ஏ வெறும் முகவரிப் பலகையாகவே பார்க்கப்படுகிறது என்பதுதான் என் ஆதங்கம். அந்தப் புரதம் சும்மா இருப்பதில்லை.

அமைப்பைப் பாருங்கள். மொத்தம் 750 அமினோ அமிலங்கள். அதில் 19 மட்டுமே செல்லுக்குள், 24 சவ்வுக்குள், மீதி 707-உம் வெளியே. வெளியே இருக்கும் அந்தப் பெரிய பகுதி ஒரு நொதி, சங்கிலியின் நுனியிலிருந்து குளுட்டமேட்டை வெட்டி எடுக்கும். இதே புரதம் சிறுகுடலில் உணவின் ஃபோலேட்டிலிருந்து குளுட்டமேட் வாலை நீக்கி, உறிஞ்சுவதற்கு ஏற்றதாக மாற்றுகிறது. மூளையிலும் வேறொரு வேலை செய்கிறது. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் 19 அமினோ அமிலங்களில் கைனேஸ் எதுவும் இல்லை. பிறகு எப்படிச் சமிக்ஞை கொடுக்கும்?

இதற்கு இரண்டு விடைகள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. 2017-ல் வந்த ஆய்வு, பிஎஸ்எம்ஏ ஒரு தாங்கியைப் போல நடந்துகொள்கிறது என்றது. சாதாரணமாக ரேக்1 என்ற புரதம் பீட்டா1 இன்டெக்ரினையும் ஐஜிஎஃப்-1 ஏற்பியையும் சேர்த்துப் பிடித்திருக்கும், சமிக்ஞை எம்ஏபிகே (இஆர்கே அடங்கிய) பாதையில் போகும். பிஎஸ்எம்ஏ வந்தால் அந்தக் கூட்டு கலைகிறது, சமிக்ஞை பிஐ3கே-ஏகேடி பக்கம் திரும்புகிறது. புரோஸ்டேட் கட்டி வரும்படி மரபணு மாற்றிய டிராம்ப் எலிகளில் பிஎஸ்எம்ஏ-வை நீக்கியபோது கட்டிகள் சிறியதாக இருந்தன. 2018-ல் வந்த இன்னொரு ஆய்வு நொதியைக் காரணம் காட்டியது. வெட்டப்பட்டு வெளியே விழும் குளுட்டமேட், அதே செல்லின் மேலிருக்கும் மெட்டபோட்ரோபிக் குளுட்டமேட் ஏற்பியைத் தட்டி, பிஐ3கே-இன் பி110பீட்டா வடிவத்தைத் தூண்டுகிறது என்பது அதன் வாதம்.

இரண்டும் ஏகேடியில்தான் போய் முடிகின்றன, ஆனால் வழி வேறு. ஒன்றுக்கு நொதி வேண்டியதில்லை, புரதம் அங்கே இருந்தாலே போதும். மற்றொன்றுக்கு நொதி கட்டாயம். இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கான கருவிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. 2-பிஎம்பிஏ என்ற தடுப்பான் நொதியை மட்டும் நிறுத்தும், புரதம் அப்படியே நிற்கும். சிறு குறுக்கீட்டு ஆர்என்ஏ கொண்டு அடக்கினால் புரதமே குறையும். 424-ஆவது இடத்தில் குளுட்டமேட்டுக்குப் பதில் அலனின் வைத்த பிஎஸ்எம்ஏ வடிவம் மடிப்பில் சரியாகவே இருக்கும், ஆனால் வெட்டாது. பிஎஸ்எம்ஏ இல்லாத பிசி-3, டியூ145 இரண்டிலும் இயல்பான வடிவத்தையும் இந்த வெட்டாத வடிவத்தையும் தனித்தனியாகப் புகுத்திப் பாருங்கள். பிடென் உள்ள டியூ145-இல் இரண்டு வடிவமும் ஏகேடியை ஏற்றினால் தாங்கி வாதம் வலுப்பெறும். இயல்பான வடிவம் மட்டும் ஏற்றினால் நொதி வாதம். இவ்வளவு தெளிவாக இரண்டாகப் பிரியும் கேள்வி வேறு எந்த மேற்பரப்புப் புரதத்திலும் எனக்குத் தென்படவில்லை.

சில இடங்களில் கவனம் வேண்டும். எல்என்கேப்பை வழக்கமாக வளர்க்கும் ஆர்பிஎம்ஐ 1640 ஊடகத்திலேயே லிட்டருக்கு 20 மில்லிகிராம் குளுட்டமிக் அமிலம் இருக்கிறது. சீரத்திலும் குளுட்டமேட் வரும். நொதி வெட்டி உண்டாக்கும் சிறிதளவு குளுட்டமேட்டின் விளைவைத் தேடும்போது ஊடகமே ஏற்பியை நிரப்பிவிட்டால் என்ன தெரியும்? குளுட்டமேட் இல்லாத ஊடகம், சிறு மூலக்கூறுகளை வடிகட்டி நீக்கிய சீரம் இரண்டும் அவசியம்.

ஆன்டிபாடியிலும் ஒரு கண்ணி உண்டு. 7இ11 என்ற பழைய ஆன்டிபாடியைக் கொண்டுதான் 1987-ல் பிஎஸ்எம்ஏ முதலில் கண்டறியப்பட்டது. ஆனால் அது ஒட்டுவது உள்ளே இருக்கும் பகுதியில். உயிருள்ள செல்லின் வெளியில் அதைப் போட்டால் ஒன்றும் பிடிக்காது. வெளிப்பகுதியைப் பிடிக்கும் ஜே591 போன்றது வேண்டும். அதுவும் ஒட்டியதும் பிஎஸ்எம்ஏ செல்லுக்குள் இழுக்கப்படுவதைத் துரிதப்படுத்தும். ஆகவே ஆன்டிபாடி சேர்த்த பிறகு சமிக்ஞை மாறினால், அது தடுத்ததாலா, மேற்பரப்பிலிருந்து புரதம் காலியானதாலா என்று தனியே பார்த்தாக வேண்டும்.

அப்புறம் ஹார்மோன். ஆண்ட்ரோஜன் ஏற்பி பிஎஸ்எம்ஏ மரபணுவை அடக்கி வைக்கிறது, ஆண்ட்ரோஜனை எடுத்துவிட்டால் பிஎஸ்எம்ஏ கூடுகிறது. கரியால் ஹார்மோன் நீக்கிய சீரத்தில் எல்என்கேப்பை வளர்ப்பவர் தன்னையறியாமல் தான் ஆராயும் புரதத்தின் அளவையே மாற்றிக்கொண்டிருக்கிறார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஹார்மோன் சிகிச்சை பெறும் நோயாளியின் கட்டியிலும் இதேபோன்ற மாற்றத்தைப் பார்க்கிறார்கள். ஆண்ட்ரோஜன் தடுப்பு ஏகேடியை ஏற்றுவதற்குக் கூடிய பிஎஸ்எம்ஏ-வும் ஒரு காரணமா என்று கேட்டால், மேலே சொன்ன 2011 கண்டுபிடிப்போடு இது நேராக வந்து இணைகிறது.

இன்டெக்ரின்: எலும்பில் அக்கறை உள்ளவருக்கு

மனிதனில் 18 ஆல்பா, 8 பீட்டா துணைப்புரதங்கள் சேர்ந்து 24 இன்டெக்ரின்கள் ஆகின்றன. இவற்றுக்கும் சொந்தக் கைனேஸ் கிடையாது. வெளியே கொலாஜன், லேமினின் போன்றவற்றைப் பிடித்துக்கொண்டு, உள்ளே டாலின் என்ற இணைப்புப் புரதம் வழியாகச் செல்லின் உட்சட்டகத்தோடும், எஃப்ஏகே, எஸ்ஆர்சி கைனேஸ்களோடும் இணைகின்றன. நல்ல நிலையில் உள்ள சுரப்பியின் அடிவரிசைச் செல்கள் ஆல்பா6பீட்டா4-ஐக் கொண்டு அடிச்சவ்வில் ஊன்றி நிற்கும். புற்றுநோயில் பீட்டா4 மறைகிறது, ஆல்பா6 பீட்டா1-ஓடு சேர்ந்துகொண்டு நகரத் தொடங்குகிறது. எலும்பின் புரதத்தில் பெரும்பகுதி முதல் வகைக் கொலாஜன் என்பதால், அதைப் பிடிக்கும் ஆல்பா2பீட்டா1 எலும்புப் பரவலில் முக்கியமானதாகிறது. கொலாஜனில் ஒட்டும்படி தேர்ந்தெடுத்து வளர்த்த எல்என்கேப் செல்கள் எலியின் எலும்புக்குள் வளர்ந்தன, தேர்ந்தெடுக்கப்படாதவை அப்படி வளரவில்லை.

இங்கே சிரமம் என்னவென்றால், இன்டெக்ரினுக்குப் பொத்தான் கிடையாது. இஜிஎஃப் போல ஒரு சொட்டு சேர்த்துக் கடிகாரம் பார்க்க முடியாது. செல்லைப் பிரித்தெடுத்து, சிறிது நேரம் மிதக்கவிட்டு, கொலாஜன் பூசிய தட்டில் இறக்கி, எஃப்ஏகே-இன் 397-ஆவது டைரோசினில் பாஸ்பேட் எப்போது திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். பிரித்தெடுக்கும் விதம்கூட முடிவை மாற்றும். டிரிப்சின் என்ற நொதி பல மேற்பரப்புப் புரதங்களை வெட்டிவிடும். இடிடிஏ (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) மட்டும் பயன்படுத்தினால் வெட்டாது, ஆனால் கால்சியம், மெக்னீசியம் போய்விடுவதால் இன்டெக்ரின் செயலற்றுப் போகும், அவற்றைத் திரும்பக் கொடுக்க வேண்டும். எல்என்கேப் வேறு தட்டில் லேசாகத்தான் ஒட்டும், கழுவும்போதே உரிந்து வந்துவிடும். பிசி-3 இந்த வேலைக்கு மிகப் பொருத்தம்: நன்றாக ஒட்டும், எலும்பிலிருந்து வந்தது.

கீழே உள்ள கைனேஸைத் தடுத்தால் நோய் அடங்குமா? எஸ்ஆர்சி தடுப்பானான டசாட்டினிப்பைக் கீமோ மருந்தான டோசிடாக்சலோடு சேர்த்து 1,522 நோயாளிகளில் சோதித்தார்கள். 2013-ல் வந்த முடிவில் ஆயுள் கூடவில்லை. பரவல் முன்பே நடந்து முடிந்த நிலையில் நகர்வை நிறுத்துவதால் என்ன பயன் என்ற கேள்வியை அது எழுப்பியது. அடிப்படை ஆய்வாக இன்டெக்ரின் மதிப்புள்ளதே. ஆனால் அடுத்த மருந்தைக் கண்டுபிடிக்கும் எதிர்பார்ப்போடு இதில் இறங்க வேண்டாம்.

சிடி82: இல்லாமல் போவதன் விளைவு

மேலே சொன்ன மூன்றும் கூடுவதால் அல்லது இடம் மாறுவதால் தீங்கு செய்பவை. சிடி82 நேர் எதிர். நான்கு முறை சவ்வைக் கடக்கும் டெட்ராஸ்பானின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1995-ல் புரோஸ்டேட் புற்றுநோயின் பரவலை அடக்கும் மரபணுவாக, கேஏஐ1 என்ற பெயரில், 11-ஆவது குரோமோசோமில் கண்டறியப்பட்டது. பரவிய கட்டிகளில் இது குறைகிறது, பெரும்பாலும் மரபணு உடைவதால் அல்ல, எழுத்தாக்கம் நின்றுபோவதால். அதற்கென்று தனியாக ஒரு சமிக்ஞை இல்லை. பக்கத்தில் இருப்பவர்களைத்தான் கட்டுப்படுத்துகிறது: பிசி-3 செல்லில் மீண்டும் புகுத்தியபோது, இன்டெக்ரின் வழியாக மெட் என்ற வளர்ச்சி ஏற்பியும் எஸ்ஆர்சியும் தூண்டப்படுவது குறைந்தது, ஊடுருவலும் குறைந்தது.

அறிவியலாக எனக்கு மிகப் பிடித்த புரதம் இது. ஆனாலும் முதல் ஆய்வுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். தூண்ட மூலக்கூறு இல்லை, தடுக்க நல்ல தடுப்பான் இல்லை. புகுத்துவது, நீக்குவது என்ற இரண்டே வழி. அளவுக்கு மீறிப் புகுத்தினால் சவ்வின் மற்ற டெட்ராஸ்பானின்களும் கலைந்து, எதனால் எது நடந்தது என்று சொல்ல முடியாமல் போகும்.

மற்ற மேற்பரப்புப் புரதங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ட்ராப்2 கவனிக்கத்தக்கது, அதன் உள்பகுதி வெட்டுப்பட்டு பீட்டா-கேட்டனினோடு உட்கருவுக்குப் போகிறது. ஸ்டீப்1 மருந்து இலக்காக அருமை, சமிக்ஞை ஆய்வுக்குப் பிடிமானம் குறைவு. மெட் ஏற்பியில் பெரிய சோதனை முடிந்துவிட்டது: காமெட்-1 ஆய்வில் மெட்டைத் தடுக்கும் கபோசான்டினிப் ஆயுளைக் கூட்டவில்லை.

எதை எடுப்பது?

ஆண்ட்ரோஜன் ஏற்பி உள்ள செல்களை வளர்க்க வசதியும், மரபணுவைப் புகுத்தத் தெரிந்தவர்களும் உள்ள ஆய்வகம் என்றால், தயங்காமல் பிஎஸ்எம்ஏ. எல்என்கேப், டியூ145 இரண்டையும் அடிப்படையாக வைத்து, முடிவை 22ஆர்வி1-இல் சரிபாருங்கள். கையில் பிசி-3 மட்டும் இருக்கிறது, நுண்ணோக்கி நன்றாக இருக்கிறது என்றால் ஆல்பா2பீட்டா1. ஒரு வருடத்துக்குள் முதுகலை ஆய்வேட்டை முடிக்க வேண்டியவருக்கு ஹெர்3: சீக்கிரம் முடிவு வரும், ஹார்மோன் தடுப்போடு இணைத்தால் பொருளும் இருக்கும். சிடி82, இவற்றில் ஏதாவதொன்றில் கை பழகியவருக்கு.

எதை எடுத்தாலும், முதல் மாதத்தில் ஒரு சோதனையைச் செய்துவிட வேண்டும். செல்லை டிரிப்சின் இல்லாமல் எடுத்து, வெளிப்பகுதியைப் பிடிக்கும் ஆன்டிபாடியோடு ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் முறை) ஓட்டி, அந்தப் புரதம் உண்மையிலேயே மேற்பரப்பில் இருக்கிறதா, எத்தனை சதவீதச் செல்களில் இருக்கிறது என்று பாருங்கள். அதே நாள், அதே செல்களைப் பட்டினி போட்டு, எந்தத் தூண்டலும் இல்லாமல் ஏகேடி, இஆர்கே இரண்டின் அடிநிலையைப் பதிவு செய்யுங்கள். 22ஆர்வி1-இல் பிஎஸ்எம்ஏ செல்லுக்குச் செல் வேறுபடும். மொத்தமாக உடைத்து வெஸ்டர்ன் பிளாட் செய்தால் அந்த வேறுபாடு சராசரிக்குள் மறைந்துவிடும். அங்கே பிஎஸ்எம்ஏ அதிகமுள்ள செல்களையும் குறைந்த செல்களையும் பிரித்தெடுத்து, இரண்டின் ஏகேடியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதையும் புகுத்தாமல், எதையும் நீக்காமல் கிடைக்கும் முதல் ஒப்பீடு அதுதான். அதில் வித்தியாசம் தெரிந்தால் வெட்டாத வடிவத்தைத் தயாரிக்கும் செலவில் இறங்கலாம்.